கேஸ் நைனாவின் புகையில்லாத வெந்நீர்

திருத்தணியில் வெயிலைத் திட்டாத ஆள் கிடையாது. அந்த வெயில் வீணாகிறதே என்று திட்டிய ஒரே ஆள் கேஸ் நைனாதான். திருத்தணிக்கு மட்டும் இதைச் சொல்லவில்லை. அரக்கோணம், பள்ளிப்பட்டு, அந்தப் பக்கம் திருப்பதி வரைக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சித்திரை மத்தியானம், மலைப்படியில் பக்தர்கள் கால் சுட்டு ஓடி ஓடி ஏறுகிற நேரத்தில், இந்த மனுஷன் அடிவாரத்து டீக்கடை வாசலில் நின்று கத்துவார்.

"எல்லாரும் விசிறிக்கினு நிக்கிறீங்களே, வூட்டுக்குப் போனா வெந்நீ வைக்க வெறவு எரிக்கிறீங்களே, வெக்கமா இல்ல? ஊரு பூரா சூடு கொட்டிக் கெடக்குது. அத்த அள்ளிக்கினு போக ஆளக் காணோம். தனியா வேற சூடு உண்டாக்குறானுங்களாம்!"

டீக்கடைக்காரர் அடுப்பைப் பார்ப்பார், இவரைப் பார்ப்பார், டீயை ஆற்றுவார்.

அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. ஃப்ரிட்ஜுக்கும் ஏசிக்கும் கேஸ் நிரப்புவது தொழில். ஆந்திர எல்லைப்புறத்து ஊராதலால் வயதான ஆளை நைனா என்போம். இரண்டும் ஒட்டிக்கொண்டு கேஸ் நைனா ஆகிவிட்டார். ஸ்டேஷன் ரோட்டில் ஒரு சின்னக் கடை. அதற்குள் போனால் திறந்து போட்ட ஃப்ரிட்ஜுகளுக்கு நடுவே அவர் கால் நீட்டி உட்கார்ந்திருப்பார். வருகிறவனை "வா" என்று சொல்லமாட்டார். "உன் வூட்டு ஃப்ரிட்ஜை சுவரோட ஒட்டி வச்சிருக்கியா?" என்றுதான் கேட்பார். ஆமாம் என்றால் தொலைந்தோம்.

எந்த வீட்டுக்குப் போனாலும் உட்காருவதற்கு முன் ஃப்ரிட்ஜின் பின்பக்கம் கையை விட்டுப் பார்ப்பார். ஒருமுறை அவருடைய அக்கா மகனுக்கு அரக்கோணத்தில் பெண் பார்க்கப் போனார்கள். பெண்ணின் அப்பா ரயில்வேக்காரர், கௌரவமான மனுஷர். எல்லாரும் சொஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருக்க, இவர் நேராக சமையல்கட்டுக்குள் நுழைந்து, ஃப்ரிட்ஜின் பின்னால் கையை விட்டு, ஒரு கை ஒட்டடையை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தார்.

"பொண்ணு எடுக்கிறதா வேணாமான்னு அப்பறம் பேசுவோம். மொதல்ல இத்த பாருங்க. மூச்சு வாங்க முடியாம சாவுது அந்த மெஷினு! வாயில்லா ஜீவன்!"

சம்பந்தம் அங்கேயே நின்றது. ஒரு வாரம் கழித்து ரயில்வேக்காரர் ஆள் அனுப்பினார். ஒட்டடை அடித்ததும் ஃப்ரிட்ஜ் புதுசு மாதிரி ஓடுகிறதாம், பையனை மறுபடியும் அழைத்து வரலாமாம், மாமா மட்டும் வரக்கூடாதாம். கல்யாணம் நடந்தது. மாமா மண்டபத்துக்கு வந்தார், சமையல்காரரிடம் அடுப்பு வெப்பம் வீணாவதைப் பற்றிச் சண்டை போட்டார், பந்தியில் உட்காராமலே போனார்.

நான் அடிவாரத்தில் ஒரு லாட்ஜில் மேனேஜர். இருபத்திரண்டு அறை. பத்திரிகையில் எழுதுவதெல்லாம் சாவிக்கொத்துக்கும் வருகைப் பதிவேட்டுக்கும் நடுவில்தான். என் லாட்ஜுக்கு அவர் வந்தது குடிநீர் கூலரைப் பழுது பார்க்க. அதோடு போயிருந்தால் நான் இன்று நிம்மதியாக இருப்பேன். போகிற வழியில் பின்கட்டில் இருமல் சத்தம் கேட்டது.

பின்கட்டில் எங்கள் பாய்லர் அறை. அதில் கங்கம்மா. பள்ளிப்பட்டுப் பக்கம், தறிக்காரக் குடும்பம். புருஷன் போன பிறகு இங்கே வந்து பதினைந்து வருஷமாக விறகு பாய்லரை எரிக்கிறாள். விடியற்காலை நாலு மணிக்கு வேலிக்காத்தான் விறகைப் பற்றவைத்தால், மொட்டை போட்ட கடைசி பக்தர் குளித்து முடிக்கிறவரை புகைக்குள்ளேயே இருப்பாள். கண் சிவந்து, நெஞ்சு உலர்ந்து, ஒரு வார்த்தைக்கு மூன்று இருமல். புகைப் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொல்லியாயிற்று. போகாவிட்டால் சோறு? எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தினமும் கேட்டுக் கேட்டு, அந்த இருமல் மின்விசிறி சத்தம் மாதிரி எனக்குப் பழகிவிட்டது. இப்போது எழுதும்போது அவமானமாக இருக்கிறது.

கேஸ் நைனாவுக்குப் பழகவில்லை. நேராக என் மேஜைக்கு வந்தார்.

"யோவ் மேனேஜரே, உள்ள ஒரு பொம்பளைய புகை போட்டு கருவாடு ஆக்கிக்கினு கீற. நீ இங்க ஊதுவத்தி கொளுத்தி வச்சிக்கினு முருகா முருகான்ற!"

"அதுக்கு நான் என்ன பண்ண நைனா? வெந்நீர் வேணுமே."

"வெந்நீக்கு நெருப்பு எதுக்குய்யா? ஃப்ரிட்ஜ் இன்னா பண்ணுது? உள்ள கீற சூட்டை வாரிக்கினு வந்து பின்னாடி கொட்டுது. அத்தே வேலைய தெருவுல கீற காத்துகிட்ட செய்யி. காத்துல கீற சூட்டை வாரி தண்ணில கொட்டு. சூட்டை உண்டாக்காத, சொமந்துக்கினு வா! அதுக்குப் பேரு ஹீட் பம்ப். பெரிய ஓட்டல்ல எல்லாம் வந்துடுச்சி. நீங்க மட்டும் இன்னும் காட்டை வெட்டிக்கினு கீறீங்க."

அந்த நேரம் பார்த்து முருகன் அவர் பக்கம் நின்றான். ஆடிக்கிருத்திகைக்கு இரண்டு மாதம் இருக்க, பாய்லர் தையல் விட்டு ஒழுகியது. முதலாளி சென்னையில் இருப்பவர். நைனா அவரிடமே போனில் பேசினார். பேசினார் என்றால் திட்டினார். சென்னையில் புதுப்பித்துக்கொண்டிருந்த ஒரு ஓட்டலிலிருந்து பழைய ஹீட் பம்பைத் தேடிப் பிடித்து, லாரியில் ஏற்றிவந்து, பத்து நாள் தூங்காமல் உயிர் கொடுத்தார். ஒரு நிபந்தனை போட்டார்: மெஷின் வந்தாலும் கங்கம்மா வேலையில் இருக்கவேண்டும், மெஷினைப் பார்த்துக்கொள்வது அவள்தான். முதலாளியும் ஒரு நிபந்தனை போட்டார்: ஆடிக்கிருத்திகை அன்று ஒரே ஒரு அறையிலிருந்து வெந்நீர் இல்லை என்று புகார் வந்தாலும் மெஷின் வெளியே, பாய்லர் உள்ளே. ஒழுகின பாய்லரை ஒட்டுப் போட்டு முற்றத்தில் நிறுத்தியும் வைத்தார்.

மெஷின் முற்றத்தில் நின்றது. வெயில் காற்றை முற்றத்துப் பக்கமாக இழுத்து, சூட்டைத் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டு, ஆறிப்போன காற்றைச் சுவர் ஓட்டை வழியாகப் பழைய பாய்லர் அறைக்குள் விட்டது. பதினைந்து வருஷம் கங்கம்மா வெந்த அறை, திருத்தணியிலேயே குளிர்ச்சியான இடமாகிவிட்டது. ஓட்டைக்கு மேல் நைனா சிவப்புப் பெயின்டில் எழுதினார்: "இதன் வாயை மூடுபவன் வாயை நான் மூடுவேன்."

தண்ணீர் கொதித்தது. பக்தர்கள்தான் வரவில்லை!

ஏன் என்று கேளுங்கள், வயிறு எரியும். எங்கள் ஊருக்கு வருகிற குடும்பங்கள் லாட்ஜ் போர்டைப் படிப்பதில்லை. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு மொட்டை மாடியை அண்ணாந்து பார்ப்பார்கள். புகை வந்தால் வெந்நீர் உண்டு. வராவிட்டால் இல்லை. "பொகையே காணோம், இங்க எங்க வெந்நீ வரப்போவுது?" என்று என் கண்ணெதிரே எதிர் லாட்ஜுக்குப் போனார்கள். அவன் புகைபோக்கி கரியாய்க் கக்கிக்கொண்டிருந்தது.

ஒரு வாரம் பொறுத்தேன். எட்டாம் நாள் மாடியில் உடைந்த சட்டி ஒன்றை வைத்து, தேங்காய் மட்டையைப் போட்டுக் கொளுத்தினேன். நல்ல புகை. அரை மணியில் ஆறு அறை நிரம்பியது! ஏழாவது ஆளாக நைனா வந்தார். தெருமுனையிலேயே புகையைப் பார்த்துவிட்டு, கங்கம்மாவை மறுபடி அடுப்பில் உட்காரவைத்துவிட்டோம் என்று நினைத்து ஓடிவந்தவர், என் சட்டியைப் பார்த்ததும் அப்படியே நின்றார்.

"இன்னாய்யா இது?"

"புகை நைனா. சும்மா. ஜனங்களுக்குக் காட்ட."

"பொய்ப் புகையா? நெசப் புகை உடுறவனையே நான் மன்னிக்கல. பொய்ப் புகை வேற உடுறியா நீ? கொலை பண்ணாமலே ஜெயிலுக்குப் போறவன நான் இப்பத்தான் பாக்கறேன்!"

ஒரு குடம் தண்ணீரைச் சட்டியில் கொட்டினார், பாதி என் மேல். அன்று சாயங்காலமே லாட்ஜ் முன்சுவரில், தெருவைப் பார்த்து ஒரு குழாய் வைத்தார். மேலே "தொட்டுப் பார்" என்று எழுதினார். வந்தவர்கள் தொட்டார்கள். "அய்யோ, சுடுது!" என்று கத்தினார்கள். சித்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பாட்டனார் தொட்டுவிட்டு, குழாயின் அடியில் குனிந்து நெருப்பு எங்கே என்று தேடினார். "நிப்பு லேது, நீள்ளு வேடி!" என்று நெருப்பில்லாத சூட்டைப் பற்றி மற்றவர்களிடம் சொல்லிச் சொல்லியே, எங்களுக்கு நாலு வேன் ஆளைச் சேர்த்துக் கொடுத்தார்.

இப்போது என் தப்புக்கு வருகிறேன். சொல்லாமல் போகலாம்தான். ஆனால் இத்தனை பேர் மேல் கோபப்பட்டுவிட்டு என்னை மட்டும் விட்டால் நியாயமில்லை.

ஆடிக்கிருத்திகைக்கு முதல் நாள். ஊரே காவடி. லாட்ஜில் நிற்க இடமில்லை. எதிர்த்த பூக்கடை அம்மா வந்து கெஞ்சினாள்.

"சார், நாளைக்கு காவடிப் பூவு கூடை கூடையா வந்துக்கினு கீது. உங்க குளிரு ரூம்ல வச்சா வாடாது. சாமிக்குப் போற பூவு சார்."

சாமிக்குப் போகிற பூ என்றதும் நான் உருகிவிட்டேன். அதோடு, எங்கள் வரவேற்பறை முருகன் படத்துக்கு ஒரு ஆள் உயர மாலை தருவதாகவும் சொன்னாள். அதிலும் உருகினேன். கங்கம்மா, "நைனாவக் கேட்டுக்கலாம் சார்" என்றாள். "மேனேஜர் நானா, நைனாவா?" என்று கேட்டுச் சாவியைக் கொடுத்தேன்.

பூக்கார அம்மாவுக்கு ஒரு கவலை வந்திருக்கிறது. குளிர் வேண்டும், காற்று வேண்டாம். காற்று அடித்தால் இதழ் சுருங்குமே! நனைத்த கோணிச்சாக்கு இரண்டை எடுத்து, நைனா எழுதிய சிவப்பு எழுத்தோடு சேர்த்து, அந்த வாயை இறுக்கிக் கட்டிவிட்டாள்.

காலை ஐந்தரை. ராத்திரி சேர்ந்திருந்த வெந்நீர் முதல் வரிசைக்குத் தீர்ந்தது. அடுத்து வந்தது பச்சைத் தண்ணீர். நான் முற்றத்துக்கு ஓடினேன். அங்கே மெஷினைக் காணோம். மெஷின் இருந்த இடத்தில் வெள்ளை வெளேரென்று ஒரு பனிக்கட்டி. காற்று வெளியே போக வழியில்லாமல், இழுக்கிற பக்கம் முழுக்க உறைந்து, இடுப்பு உயரத்துக்குச் சிவலிங்கம் மாதிரி உருண்டு திரண்டு நின்றது. ஆடி மாதத் திருத்தணியில் ஐஸ்! அதைச் சுற்றிலும், குளிக்கக் காத்திருந்த அறுபது பேர் கைகூப்பி நின்றார்கள். யாரோ விபூதியில் மூன்று கோடு போட்டு, நடுவில் குங்குமமும் வைத்துவிட்டார்கள். தட்டில் கற்பூரம். "அப்பன் புள்ளைய பாக்க வந்துட்டாரு!" என்று ஒரு அம்மாள் அருள் வந்து ஆடினாள்.

கிருத்திகைக்காகச் சென்னையிலிருந்து வந்திருந்த முதலாளியும் வந்து நின்றார். பனியைப் பார்த்தார், குழாயைத் திறந்து தண்ணீரைத் தொட்டார், என்னைப் பார்த்தார்.

"போதும்பா. பாய்லரைப் பத்த வைக்கச் சொல்லு."

நான் வாயே திறக்கவில்லை. சாவி கொடுத்தது நான்தான் என்று தெரிந்தும் திறக்கவில்லை. கங்கம்மா முந்தானையை மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, முற்றத்து மூலையில் நின்ற பழைய பாய்லர் பக்கம் விறகை எடுத்துப்போனாள். மெஷின் வந்த நாளிலிருந்து அவள் இருமி நான் கேட்கவில்லை. அந்த முந்தானையைப் பார்த்ததும் அந்த இருமல் என் காதில் கேட்டது. தீக்குச்சியை உரசினாள்.

"தூக்கிப் போடு அத்த!"

கேஸ் நைனா. சட்டையில்லை, தோளில் துண்டு, மொட்டைத் தலையில் சந்தனம். மலையில் முடி கொடுத்துவிட்டு நேராக வந்திருக்கிறார். கங்கம்மா குச்சியைப் போட்டாள். அவர் ஒரே எட்டில் மெயினை அணைத்தார், அறைக்குள் போனார், சாக்கைப் பிய்த்துச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்கு மொட்டை மாடிச் சட்டித் தண்ணீர் எவ்வளவோ மேல்.

"யார் பண்ணது இது?" என்றார் முதலாளி.

தன் வாழ்நாளில் எந்தத் தப்பையும் ஒத்துக்கொள்ளாத மனுஷன், பெண் பார்க்கப் போன வீட்டிலும் விட்டுக்கொடுக்காத மனுஷன், தரையைப் பார்த்துச் சொன்னார்:

"நாந்தான் மொதலாளி. காத்து உள்ள போற எடத்துல கீற தூசு வலைய கழுவாம உட்டுட்டேன். அடைச்சிக்கிச்சி. எந்தப்பு. கொஞ்சம் டைம் குடுங்க."

பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பினார். தண்ணீர் ஊற்றினால் பனி கரையும், மெஷின் ஓடும். ஆனால் சாமி மேல் கை வைக்க யார் விடுவார்கள்? இரண்டு பேர் ஏற்கெனவே குறுக்கே நின்றுவிட்டார்கள். ஒரு கணம் பல்லைக் கடித்தார். பிறகு வழக்கமான கோபத்தோடு கத்தினார்.

"இன்னா பக்திய்யா உங்களுது? கையக் கட்டிக்கினு வேடிக்கை பாத்துக்கினு நிக்கிறீங்க! அபிஷேகம் பண்ண ஒருத்தனுக்கும் தோணலியா? கெணத்துல தண்ணி இல்ல? வாளி இல்ல?"

அவ்வளவுதான். "அரோகரா!" என்று கிளம்பினார்கள். கிணற்றிலிருந்து மெஷின் வரை வரிசை கட்டி, வாளி வாளியாய் ஊற்றினார்கள். பாதி பனி மேல், பாதி ஒருவர் மேல் ஒருவர். அருள் வந்த அம்மாள் தன் தலையிலேயே நாலு குடம் ஊற்றிக்கொண்டாள். அரை மணி நேரத்தில் பனி கரைந்து ஓடியது. அந்தத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டவர்களும் உண்டு. கடைசிக் கற்பூரம் அணைந்ததும் நைனா மெயினைப் போட்டார். மெஷின் ஒரு இருமல் இருமி, ஓடத் தொடங்கியது.

முதலாளி அறை அறையாகப் போய் விசாரித்தார். "வெந்நீர் வரலேன்னு ஏதாவது குறை உண்டா?" வெந்நீர் யாருக்கு வேண்டும்? எல்லாரும்தான் தலைமுதல் கால்வரை நனைந்து, குளித்து முடித்து, ஈரத்துணியோடு மலையேறக் கிளம்பிக்கொண்டிருந்தார்களே! இருபத்திரண்டு அறையிலிருந்தும் ஒரு புகாரும் வரவில்லை. பேச்சு தவறாத மனுஷர் முதலாளி. பாய்லர் பழைய இரும்புக் கடைக்குப் போனது.

கூட்டம் கலைந்தபின் நைனாவிடம் போனேன்.

"எனக்காகப் பழியை ஏத்துக்கிட்டீங்களே நைனா..."

"உனக்காவா?" எழுந்தே விட்டார். "மூஞ்சப் பாரு! உன்ன வேலைய உட்டுத் தூக்கிட்டா புதுசா ஒருத்தன் வருவான். அவனுக்கு மொதல்லேர்ந்து பாடம் எடுக்கணும். எனக்கு இன்னா வேற வேலை இல்லியா?" சுருட்டிய சாக்கை என் கையில் திணித்தார். "சாமிக்கு அபிஷேகம்னு என் வாயால சொல்ல வச்சிட்டியேடா பாவி. பொய்ப் புகை உட்டவன்கூட சேந்து நானும் கெட்டேன்."

மலைப் பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

போன மார்கழியில் மகளைப் பார்க்க ஊட்டிக்குப் போனார். ஒரு வாரம் என்றுதான் போனார். அங்கே குளிருக்கு வீட்டுக்குள்ளேயே கரியும் விறகும் எரிக்கிறார்கள் என்று பார்த்ததும் இரத்தம் கொதித்துவிட்டது. இன்னும் திரும்பவில்லை. வீடு வீடாகப் போய்ச் சண்டை போட்டு, அந்தக் குளிர்க் காற்றிலிருந்தும் சூட்டை இறைத்து அறைக்குள் விடுகிற மெஷினை மாட்டிக்கொண்டிருக்கிறார். "நம்பவே மாட்டேன்றானுங்கய்யா! உறையிற காத்துலகூட சூடு கீது. தேடி எடுக்கத் தெரியணும், அவ்ளோதான்" என்று போனில் கத்துகிறார்.

காலை ஆறு மணிக்குப் போன் வரும். நலமா கிலமா ஒன்றும் கிடையாது. "மேனேஜரே, வலை கழுவுனியா?" அவ்வளவுதான் கேள்வி. பின்கட்டில் கங்கம்மா இப்போது இருமுவதில்லை. பாடுகிறாள், அதுவும் சுருதியே இல்லாமல். அந்த வலையை அவள் தினமும் விடிவதற்கு முன்பே கழுவி, துடைத்து, மாட்டிவிடுகிறாள். ஒரு தூசு இருக்காது.

அது எனக்குத் தெரியும். இருந்தாலும் தினமும் காலையில் போனைக் காதில் வைத்துக்கொண்டு, "இன்னும் கழுவலை நைனா" என்றுதான் சொல்கிறேன். கழுவிவிட்டேன் என்றால் "ஆங்" என்று வைத்துவிடுவார். கழுவவில்லை என்றால் முழுசாகப் பத்து நிமிஷம் திட்டுவார்.